மரமற்ற பெருவெளியில் தங்குமிடந் தேர்தல்

நெடுந்தூரம் பிரயாணஞ் செய்வோர் பெரும்பாலும் வண்டியைப் பற்றியும் வழியைப் பற்றியுமே கவலை கொள்வர். இரவு தங்கும் இடத்தைப் பற்றி மாலையில் ஆலோசித்தாற் போதும் என்பது அவர் எண்ணம். ஊர்கள் அடுத்தடுத்து விளங்கும் நாடுகளில் இவ்வெண்ணத்தாற் பெருந்தீங்கு விளைவதில்லை. ஓரூரில் இடமில்லையேல் மற்றோரூர் அண்மையில் உண்டு. ஆனால், ஆஸ்திரேலியாக் கண்டத்தின் உள்நாட்டிலே, 'அவுட்பேக்' எனப்படும் ஜனசஞ்சாரமற்ற பெருநிலத்திலே, இம்முறை செல்லாது. அங்கே ஒரு விடுதிக்கும் அடுத்த விடுதிக்கும் இடையில் நூற்றுத்தொண்ணூறு கிலோமீட்டர் வெறுவெளியாய்க் கிடத்தல் உண்டு. ஆதலின், தங்குமிடத்தை முதலில் தேர்ந்து, வழியை அதற்கேற்ப வகுத்துக்கொள்வதே அறிவுடைமையாகும். கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் அந்நாடு செல்லும் தமிழர் இந்நாளில் பலராதலின், இதனைச் சிறிது விரித்துரைத்தல் பயனுடைத்தென நம்புகிறோம்.

பொதுப்படக் கூறுவதினும் ஒரு வழியை எடுத்துக்கொண்டு ஆராய்தல் நன்று. மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள நார்ஸ்மன் என்னும் சிற்றூரிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள போர்ட் அகஸ்டா வரை செல்லும் ஏயர் நெடுஞ்சாலையை இங்கு எடுத்துக்கொள்வோம். இதன் நீளம் 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. இதன் நடுப்பகுதி நல்லார்பர் சமவெளியை ஒட்டியும் ஊடுருவியும் செல்கின்றது. இலத்தீன் மொழியில் 'இல்லை' என்பதற்கும் 'மரம்' என்பதற்கும் உரிய இரு சொற்கள் கூடியதே நல்லார்பர் என்னும் பெயர். ஏறக்குறைய இரண்டு இலட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த சுண்ணாம்புக்கல் நிலம் அது. பெய்யும் சிறுமழையும் கல்லின் வெடிப்புகள் வழியே கீழே இறங்கிவிடுதலால், நிலத்தின் மேல் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை.

இந்நெடுஞ்சாலைக்குப் பெயரளித்த எட்வர்ட் ஜான் ஏயர் என்பார் 1841ஆம் ஆண்டில் இந்நிலத்தைக் கிழக்கிலிருந்து மேற்கே கடந்தார். பிப்ரவரி மாத இறுதியில் ஃபௌலர்ஸ் பே என்னும் கடற்கரையிலிருந்து புறப்பட்ட அவர், ஜூலை மாதத்திலேதான் ஆல்பனி என்னும் ஊரை அடைந்தார். அவருக்கு விடுதியாவது நீர் கிடைக்கும் இடமே. அந்நிலத்தின் ஆதிக்குடிகள் மணற்குன்றுகளினிடையே அறிந்து வைத்திருந்த ஊற்றுக்கிணறுகளே அவரைக் காத்தன. அவருடைய துணைவர் ஜான் பாக்ஸ்டர் ஏப்ரல் 29ஆம் நாள் இரவில் உடன்சென்ற இருவரால் கொல்லப்பட்டார். அதன் பின்னர், வைலி என்னும் ஆதிக்குடி இளைஞர் ஒருவரே இறுதிவரை அவரோடு நின்றார். ஏயர் நான்கு மாதங்களுக்கு மேற் கடந்த நிலத்தை இன்று மோட்டார் வண்டியில் மூன்று பகலிற் கடக்கலாம். எனினும், அடுத்த நீர்நிலை எங்கே, அதனைப் பொழுதோடு அடைதல் கூடுமோ என்று அவர் கேட்ட வினா மாறவில்லை, நீர்நிலை என்னுமிடத்தில் விடுதி என்று வைத்துக்கொள்ளல் வேண்டும், அவ்வளவே.

இனி, அவ்விடுதிகள் எத்தன்மையன என்று காண்போம். மோட்டார், ஹோட்டல் என்னும் இரு சொற்களின் சேர்க்கையே 'மோட்டல்' என்பது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்திலுள்ள சான் லூயிஸ் ஒபிஸ்போ என்னும் ஊரில் ஆர்தர் ஹைன்மன் என்னும் கட்டடக் கலைஞர் கட்டிய விடுதிக்கு இப்பெயர் முதன்முதல் வழங்கிற்று. அறையின் வாயிலிலேயே வண்டியை நிறுத்திக்கொள்ளும் வசதியே இதன் சிறப்பு. நல்லார்பர் வழியில் இது தனித்து நில்லாமல், 'ரோட்ஹவுஸ்' எனப்படும் சாலைமனையின் ஓர் அங்கமாய் நிற்கின்றது. பெட்ரோல் விற்கும் இடம், உணவுச்சாலை, சிறுகடை, தங்கும் அறைகள், கூடாரமடிக்கும் திடல் ஆகிய யாவும் ஒரு வளாகத்தில் அடங்கும். அதனைச் சூழ ஊர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. அங்கு வாழ்வோர் அம்மனையில் வேலை செய்வோரே.

நார்ஸ்மனிலிருந்து கிழக்கே செல்வோன் காணும் சாலைமனைகள் இவை: ஏறக்குறைய 190 கிலோமீட்டரில் பலடோனியா, அதன்பின் 182 கிலோமீட்டரில் கைகூனா, 65இல் காக்கில்பிடி, 91இல் மடூரா, 116இல் மண்ட்ராபில்லா, 66இல் யூக்லா, 12இல் மாகாண எல்லையாகிய பார்டர் வில்லேஜ், 186இல் நல்லார்பர் சாலைமனை, 145இல் நண்ட்ரூ. பின்னர் பெனோங் என்னும் சிற்றூரும், அதற்கப்பால் செடூனா என்னும் கடற்கரை ஊரும் உள. நார்ஸ்மன் முதல் செடூனா வரை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். இவ்வெண்களைப் பார்க்குமிடத்து ஒன்று புலனாகும். பெட்ரோல் தீர்ந்துபோம் என்னும் அச்சம் சாதாரண வண்டிக்கு இவ்வழியிற் பெரிதன்று. ஒவ்வொரு மனையிலும் நிரப்பிக்கொள்வோனுக்கு இடையூறில்லை. பின்னே வீட்டுவண்டி கட்டி இழுத்து, எதிர்காற்றிற் செல்வோன் மாத்திரம் செலவு மிகும் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். உண்மையான அபாயம் வேறிடத்தில் உளது. அஃதாவது, பொழுது சாய்தல்.

கங்காரு முதலிய விலங்குகள் பகல் வெயிலில் புதர் நிழலிற் படுத்திருந்து, அந்தியிலும் விடியலிலும் இரவிலும் மேயப் புறப்படும். சாலையின் மேல் விழும் மழைநீர் இருமருங்கும் வழிந்தோடுதலால், சாலையோரத்திலேதான் பசும்புல் மிகுந்து நிற்கும். ஆகவே, வண்டியோடும் இடமே விலங்கு மேயும் இடமுமாகின்றது. வாம்பட், ஈமு, ஒட்டகம் ஆகியனவும் இவ்வழியிற் குறுக்கிடும். வண்டியின் விளக்கொளி கண்ட கங்காரு விலகி ஓடாது திகைத்து நிற்றலும், எதிர்பாராவகையில் வண்டியை நோக்கியே பாய்தலும் உண்டு. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் முப்பது மீட்டர் கடக்கும். ஓட்டுவோன் கண்டு உணர்ந்து தடைக்கட்டையை மிதித்து வண்டி நிற்பதற்குள் நூறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். தாழ்த்திய விளக்கு தெளிவாய்க் காட்டும் தூரமோ அதனினும் மிகக் குறைவு. விலங்கைத் தவிர்க்க வண்டியைத் திடீரெனத் திருப்பினால் வண்டியே கவிழும். வாடகை மோட்டார் கொடுப்போர் பலர், ஊர்ப்புறத்தில் இரவில் ஓட்டி நேரும் சேதத்துக்கு ஈடு தரோம் என்று உடன்படிக்கையில் எழுதுவதற்கும் காரணம் இதுவே.

ஆதலின், தங்குமிடந் தேர்தற்குரிய முதல் விதி இது: அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரமாவது முன்னர்ச் சேரத்தக்க விடுதியே அன்றைய விடுதி. எத்துணை கிலோமீட்டர் ஓட்ட வல்லேன் என்று கணக்கிடுதல் தவறு. எந்த நேரத்தில் வெளிச்சம் மறையும் என்று கண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எண்ணுமிடத்தும் சாலையின் உச்சவேகத்தைக் கொள்ளாது, மணிக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் என்று கொண்டு, இரண்டு மணிக்கு ஒருமுறை கால்மணி ஓய்வையும் உணவுப்பொழுதையும் கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

இங்கே கடிகாரம் ஒரு சூழ்ச்சி செய்யும். மேற்கு ஆஸ்திரேலிய நேரத்துக்கும் தெற்கு ஆஸ்திரேலிய நேரத்துக்கும் ஒன்றரை மணி வேற்றுமை. இவ்விரண்டுக்கும் இடையே, கைகூனா முதல் பார்டர் வில்லேஜ் வரையுள்ள சில மனைகள் மேற்கு நேரத்துக்கு முக்கால் மணி முந்திய நேரமொன்றைத் தம் வழக்கமாய்க் கொண்டுள்ளன. இது சட்டத்தால் ஏற்பட்டதன்று. அவ்விடத்து மக்களின் வசதியால் ஏற்பட்டது. கிழக்கு நோக்கிச் செல்வோன் கைகூனாவில் முக்கால் மணியும், எல்லையில் மற்றொரு முக்கால் மணியும் இழப்பான். அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை தெற்கு ஆஸ்திரேலியாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்வைக்கும் வழக்கம் இருத்தலால், அக்காலத்தில் மொத்த இழப்பு இரண்டரை மணியாகும். அடுக்களை எட்டு மணிக்கு அடைக்கப்படும் என்று தொலைபேசியிற் கேட்டறிந்தவன், எந்த ஊர் எட்டு மணி என்று கேளாவிடின், பசியோடு படுக்க நேரிடும்.

இனி, ஜூன் மாதத்தில் கிழக்கு நோக்கிச் செல்லும் ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். ஜூன் அங்கே குளிர்காலம். பகல் பத்து மணி அளவே நீளும். விடியலில் விலங்கு நடமாட்டமும், எதிரே உதிக்கும் கதிரவனின் கண்கூச்சமும் உண்டாதலால், அவர் நார்ஸ்மனிலிருந்து எட்டு மணிக்குப் புறப்படுவர். பத்து மணிக்குப் பலடோனியா. 1979ஆம் ஆண்டில் வானினின்று வீழ்ந்த ஸ்கைலாப் என்னும் அமெரிக்க விண்கலத்தின் சிதறல்கள் இப்பகுதியில் விழுந்தன. அச்செய்தியை விளக்கும் சிறு காட்சிச்சாலை அங்கு உளது. அரைமணி தங்கி மேற்சென்றால், 146 கிலோமீட்டருக்கு மேல் ஒரு வளைவுமின்றி அம்பு போற் செல்லும் நேர்வழி வரும். ஓட்டுவோனை உறக்கம் எளிதில் வெல்லும் இடம் இது. கைகூனாவை அடைகையில் அவருடைய கடிகாரத்தில் பன்னிரண்டரை; மனையின் கடிகாரத்திலோ ஒன்றேகால். உண்டு, இளைப்பாறி, இரண்டு மணிக்குப் புறப்பட்டால், ஏறக்குறைய மூன்று மணிக்குக் காக்கில்பிடி. நான்கு மணிக்கு முன்பின்னாக மடூரா.

மடூராவில் அப்பருவத்தில் 5.20 மணி அளவில் கதிரவன் மறைவான். ஆகவே, மடூராவே அன்றைய தங்குமிடம். 1876ஆம் ஆண்டளவில், இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சேனைக்கு வேண்டிய குதிரைகளை வளர்த்தற்பொருட்டுக் குடியேற்றம் உண்டான இடம் அது என்பது நமக்கு வியப்பளிப்பதாம். நான்கு மணிக்கு அங்கு நிற்கும் பிரயாணியின் உள்ளத்தில், 'இன்னும் வெயில் இருக்கிறதே; மண்ட்ராபில்லா 116 கிலோமீட்டர்தானே!' என்னும் ஆசை எழும். கணக்கைப் பார்த்தால் ஐந்தேகால் மணிக்கு அங்கே சேரலாம் போலத் தோன்றும். ஆனால், ஒரு சக்கரம் காற்றிழந்தால் அரைமணி போம். அந்த அரைமணியே பகலுக்கும் இருளுக்கும் உள்ள வேற்றுமை. 'இன்னும் ஒரு மனை' என்னும் இவ்வாசையே இவ்வழியின் பெரும் பகை. அதற்கு இடங்கொடாதிருத்தற்கு ஒரே உபாயம், அறையை முன்னரே பேசி உறுதிசெய்து வைத்தலாம். வழியில் தாமதம் நேர்ந்தாலோ காக்கில்பிடியிலேயே தங்கிவிடலாம். தங்குமிடம் ஒன்றும், அதற்கு முன்னே மாற்றிடம் ஒன்றும் குறித்துக்கொள்ளல் வேண்டும் என்பது இரண்டாவது விதி. மாற்றிடம் எப்பொழுதும் முன்னதாயிருத்தல் வேண்டுமேயன்றிப் பின்னதாயிருத்தல் ஆகாது.

இரண்டாம் நாள் எட்டரைக்குப் புறப்பட்டால், பத்தரை மணி அளவில் யூக்லா. 1877ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 1927ஆம் ஆண்டு வரை கண்டத்தின் இரு பகுதிகளையும் தந்தியால் இணைத்த பழைய நிலையத்தின் சுவர்கள், கடற்கரை மணற்குன்றுகளிற் புதைந்தும் புதையாதும் நிற்றலைக் காணலாம். நண்பகலில் எல்லையைக் கடந்து, கடலில் செங்குத்தாய் இறங்கும் பண்டா பாறைகளைக் கண்டு, தெற்கு ஆஸ்திரேலிய நேரம் நான்கு மணி அளவில் நல்லார்பர் சாலைமனையை அடைவர். அங்கு அஸ்தமனம் 5.50 அளவில் ஆதலின் போதிய பொழுது மிஞ்சும். இம்மனையைத் தேர்தற்கு இன்னுமொரு காரணம் உண்டு. அதற்கு அண்மையிலுள்ள ஹெட் ஆஃப் பைட் என்னும் குடாவிற்குக் குளிர்காலத்தில் திமிங்கிலங்கள் கன்று ஈன வருகின்றன. மூன்றாம் நாட் காலையில் அவற்றைக் கண்டு, எஞ்சிய முந்நூறு கிலோமீட்டரைக் கடந்து பகலிலேயே செடூனா சேரலாம்.

செடூனாவில் கிழக்கு நோக்கிச் செல்வோரையும், பார்டர் வில்லேஜில் மேற்கு நோக்கிச் செல்வோரையும் நிறுத்திப் பரிசோதிக்கும் நிலையங்கள் உள. பயிர்நோயும் பூச்சியும் பரவாதிருத்தற்பொருட்டுப் பழங்களையும் காய்கறிகளையும் அங்கே வாங்கி எறிந்துவிடுவர்; மேற்கே செல்வோரிடம் தேனையும் விடார். ஆகவே, வழியுணவைக் கட்டுகையில், கடைசி இரவுக்குள் எவை உண்டு தீரும் என்று எண்ணிக் கட்டுதல் நன்று.

அறையைப் பற்றியும் சில கூறல் வேண்டும். பெருநகர விடுதியோடு இவற்றை ஒப்பிட்டுக் குறைகூறுதல் முறையன்று. ரொட்டி முதல் படுக்கைவிரிப்பு வரை ஒவ்வொரு பொருளும் பல நூறு கிலோமீட்டர் வண்டியில் வருகின்றது. மின்சாரத்துக்கு மனையின் எஞ்சினே ஆதாரம். நிலத்தடி நீர் உவர்ப்பாதலால், உப்பு நீக்கியோ வெளியிலிருந்து கொணர்ந்தோ மழைநீரைச் சேமித்தோ நீர் வழங்குகின்றனர். குளியலைச் சுருக்குமாறு அறையில் எழுதியிருப்பின், அது கஞ்சத்தனம் அன்று. குடிநீரைத் தாமே உடன் கொண்டுசெல்வதும் பிரயாணியின் கடமையே. விலை மிகுதியைக் கண்டு மனஞ்சலியாமல், அறை பேசுகையில் இவற்றைக் கேட்டறிதல் நலம்: குளியலறை தனியானதா, பொதுவானதா? உணவுச்சாலை எத்தனை மணிக்கு அடைக்கப்படும்? பிந்தி வந்தால் சாவி எங்கே கிடைக்கும்? பெட்ரோல் இரவிலும் விடியலிலும் உண்டா? மின்னெஞ்சினுக்கும் கனவண்டிகள் நிற்கும் திடலுக்கும் அப்பாலுள்ள அறை கிடைக்குமா? இறுதியில் உள்ளதைச் சிறிய விஷயமென எண்ணற்க. குளிர்பெட்டி பூட்டிய கனவண்டிகளின் எஞ்சின் இரவெல்லாம் இரைந்துகொண்டிருக்கும். அவ்விரைச்சலில் உறங்காதவன் மறுநாள் நேர்வழியில் உறங்குவான். நல்ல உறக்கம் தருவதே நல்ல அறை. மற்ற அலங்காரங்கள் பின்னையவே.

கோடையிற் செல்வோர் வெப்பத்தையும் எண்ணல் வேண்டும். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் நல்லார்பரில் 49.9 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அடுத்து வந்த 2020 ஜனவரியில், நார்ஸ்மன் பகுதியில் மூண்ட காட்டுத்தீயால் நெடுஞ்சாலை பல நாட்கள் மூடப்பட்டு, பிரயாணிகள் வழியிடை மனைகளிலேயே தங்க நேர்ந்தது. இத்தகைய நாட்களில், இரண்டு நாள் பொறுத்தற்குரிய பணமும் நேரமும் கையில் இல்லாதவன் அவசரத்தால் அறிவிழப்பான். ஆதலின், பிரயாணத் திட்டத்தில் வெறுமையாய் ஒரு நாளை விட்டுவைத்தல் மூன்றாவது விதி.

நான்காவதும் இறுதியானதுமான விதி, இன்ன இரவு இன்ன மனையில் தங்குவேம் என்பதை ஊரிலுள்ள ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுதல். கைத்தொலைபேசி இவ்வழியின் பெரும்பகுதியிற் பேசாது. வண்டி பழுதுற்றால் அதனை விட்டு நடந்து செல்லலாகாது. நிழலும் நீரும் அடையாளமும் வண்டியே. குறித்த மனையில் குறித்த இரவு ஒருவர் வந்து சேராவிடின் தேட வேண்டும் என்று அறிந்தவர் ஒருவர் எங்கேனும் இருத்தல் வேண்டும். ஜான் ஃபிளின் என்னும் பாதிரியாரின் முயற்சியால் 1928ஆம் ஆண்டில் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவைக்கெனவே, இந்நெடுஞ்சாலையின் சில பகுதிகள் விமானம் இறங்கத்தக்கவாறு அகலமாக்கப்பட்டுக் கோடிடப்பட்டுள்ளன. ஆனால், இன்னார் இன்ன இடத்தில் இருத்தல் கூடும் என்று சொல்வார் இல்லையேல், அத்தகைய உதவியும் வழியறியாது நிற்கும்.

இவ்வாற்றால், தங்குமிடந் தேர்தல் சுகத்தைத் தேடுதல் அன்று. தன் உயிரையும் உடன்வருவோர் உயிரையும் எதிர்வருவோர் உயிரையும் பேணுதலேயாம் என்பது விளங்கும். வழியைக் காலில் நடந்து கடந்தவர் தம் வலிமையின் எல்லையை உடம்பே உணர்த்தக் கண்டனர். மோட்டார் வண்டியோ களைப்பை மறைக்கும். தூரத்தைச் சுருக்கிக் காட்டும். ஆதலின், நிற்க வேண்டிய இடத்தை உடம்பு சொல்லுமுன்னர் அறிவு சொல்லுதல் வேண்டும். மாலை நான்கு மணிக்கு, வெயில் இன்னும் காய்கையில், மேலும் ஓட்டும் வலிமை இருந்தும், வண்டியை நிறுத்திச் சாவியை மடியில் வைத்துக்கொள்ளும் பிரயாணி ஒரு பொழுதையும் இழந்தானல்லன். மறுநாட் பகல் முழுவதையும் அவன் தனக்கு உறுதியாக்கிக் கொண்டான்.